பால் குடிக்கும்போது வியர்க்கும் குழந்தை: அல்காபா அனுபவங்கள்

என் மகளுக்கு அப்போது இரண்டு மாதம் முடிந்திருந்தது. பால் குடிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே நெற்றியும் மேலுதடும் முத்து முத்தாக வியர்க்கும். முகம் வெளிறும். வாயை எடுத்துவிட்டு வீறிட்டு அழுவாள். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டே தூங்கிவிடுவாள். வயிற்றுவலி என்றார்கள், சளி என்றார்கள். எடை மட்டும் ஏறவே இல்லை.

எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிந்தது. முதலில் எக்கோ (இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்தவர், இதயத் தசை தளர்ந்து விரிந்திருக்கிறது, மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அடுத்துப் பார்த்த குழந்தைகள் இதய மருத்துவர் கையில் எடுத்தது இசிஜியை. அதில் ஆழமான கியூ அலைகள் இருந்தன. மாரடைப்பு வந்த பெரியவர்களிடம் தெரிகிற அடையாளம் அது. உடனே மறுபடி எக்கோ. இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கிற இடது கொரோனரி தமனி எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடினார். உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனியிலிருந்து வர வேண்டியது, நுரையீரல் தமனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. இந்தப் பிறவிக் கோளாறுக்குத்தான் அல்காபா என்று பெயர்.

பிறந்த புதிதில் நுரையீரல் தமனியில் அழுத்தம் அதிகம் என்பதால் அந்தக் குழாயிலும் ரத்தம் ஓடிவிடுமாம். சில வாரங்களில் அழுத்தம் இறங்கியதும், வலது கொரோனரியிலிருந்து கிளைகள் வழியாக வருகிற கொஞ்ச ரத்தமும் பின்னோக்கி நுரையீரல் தமனிக்குள் போய்விடுகிறது. தசை பட்டினி கிடக்கிறது. கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் பெரிய உழைப்பு. அவள் அழுதது நெஞ்சுவலியில். 1933-லேயே பிளாண்ட், வைட், கார்லண்ட் என்ற மூன்று மருத்துவர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

தமனியைப் பிரித்து மகாதமனியில் வைத்துத் தைத்தார்கள். இதயத்தின் சுருங்கும் திறன் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறியது.

---

அக்கா, என் மகனுக்கும் இதேதான். உங்கள் பதிவில் அந்த வியர்வையைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. அறுவை முடிந்தும் இதயம் உடனே வேலை செய்யவில்லை, இதயம், நுரையீரல் வேலையை வெளியிலிருந்து செய்யும் எக்மோ இயந்திரத்தில் வைத்திருந்தார்கள். அவனுக்கு இதயத்தின் இடது பக்கத்தில் இருக்கும் மைட்ரல் வால்வும் கசிந்தது. அதைத் தனியாகச் சரிசெய்யாமல் விட்டார்கள். தசை தேறத் தேறக் கசிவு தானாகக் குறைந்தது. எல்லாக் குழந்தைக்கும் அப்படிக் குறையாது, சிலருக்குப் பிறகு வால்வுக்கும் அறுவை தேவைப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது ஓடி விளையாடுகிறான், பரிசோதனைக்குத் தவறாமல் போகிறோம்.

கைக்குழந்தைக்கு இதயத் தசை பலவீனம் என்று யாருக்காவது சொல்லியிருந்தால், இரண்டு கொரோனரி தமனிகளும் கிளம்பும் இடத்தை எக்கோவில் பார்த்தீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். எக்கோவில் தெளிவில்லை என்றால் ரத்தக் குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேனில் தெரியும்.