வெளிநாடு வந்ததும் வெக்டர் கோடு எழுதச் சொன்னால்

கேள்வி: அக்கா, இங்கே வந்து மூணு வாரம் ஆகுது. டீமில் ஒரு லூப்பை வேகமாக்கச் சொல்லியிருக்காங்க. மீட்டிங்கில் ஏவிஎக்ஸ், இன்ட்ரின்சிக்ஸ்னு எல்லாரும் படபடன்னு பேசுறாங்க. கேட்கவே தயக்கமா இருக்கு. எங்கே தொடங்குறது?

பதில்: தம்பி, வெக்டர் கோடுன்னா எண்களை ஒவ்வொண்ணா இல்லாம, பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடுறது. ஏவிஎக்ஸ் (AVX) அதுக்கான ப்ராசஸர் கட்டளைத் தொகுப்பு. அந்தக் கட்டளைகளை நாமே கோடில் எழுதுற இன்ட்ரின்சிக்ஸை இப்போதைக்கு ஓரமா வை. கோடை ப்ராசஸர் கட்டளையா மாத்துற கம்பைலரே பல லூப்பை வெக்டராக்கிடும். உன் லூப் ஏன் வெக்டராகலைன்னு அதுகிட்டயே கேளு. ஜிசிசி (GCC) கம்பைலர்னா -fopt-info-vec-missed, கிளாங் (Clang) கம்பைலர்னா -Rpass-analysis=loop-vectorize ஆப்ஷனைப் போடு. எந்த வரியில் எதனால் நின்னுச்சுன்னு அதுவே சொல்லும். அந்த வரியை எடுத்துக்கிட்டு சீனியர் பக்கத்தில் போய் உட்காரு. "புரியலை"ன்னு தொடங்காம "இந்த வரிக்கு இப்படிச் சொல்லுது"ன்னு காட்டிப் பேசினா, கேட்கிற தயக்கம் தானா விலகிடும். நான் அப்படித்தான் பேசப் பழகினேன்.

ஜிசிசி 12லிருந்து (2022) -ஓ2 (-O2) வேக நிலையிலேயே வெக்டரைசேஷன் உண்டு, ஆனா ரொம்ப அடக்கமாத்தான் செய்யும். அதுக்கு மேல் நிலையான -ஓ3 (-O3) போட்டும் பார்.

ஃப்ளோட் (தசம) எண்களைக் கூட்டுற லூப்னா கவனி. அதே லூப்பை இன்ட்டுக்கு (முழு எண்ணுக்கு) மாத்தினா உடனே வெக்டராகும், ஃப்ளோட்டுக்கு ஆகாது. கூட்டுற வரிசை மாறினா ரவுண்டிங் மாறும், விடையும் மாறும். அதனால் கம்பைலர் கை வைக்காது. அது சரியும்கூட. வரிசையை மாத்த அனுமதிக்கிற -ffast-math ஆப்ஷனை மொத்த ப்ராஜெக்ட்டுக்கும் போட்டுடாதே, NaN (எண்ணே அல்லாத விடை) மதிப்பே வராதுன்னு அது நம்பிக்கும். அந்த ஒரு லூப்புக்கு மட்டும் ஓபன்எம்பி சிம்டி ரிடக்ஷன் (OpenMP simd reduction) போதும், இந்தக் கூட்டலின் வரிசையை மாத்தலாம்னு லூப்புக்கு மேலே எழுதுற குறிப்பு அது.

பிறகு இன்டெலின் இன்ட்ரின்சிக்ஸ் கைடு. அதில் 'ஆப்பரேஷன்' பகுதியைப் படிக்காம ஒரு வரிகூட எழுதாதே. 256 பிட் பைட் ஷஃபிளை (பைட்டுகளை இடம் மாத்துற கட்டளையை) பெயரை மட்டும் பார்த்து எழுதி ரெண்டு நாளைத் தொலைச்சேன். அது 32 பைட்டையும் கலக்காது. 128 பிட் பாதி ஒவ்வொண்ணுக்குள்ளயும்தான் கலக்கும். அந்தப் பகுதியில் அது தெளிவாவே இருந்துச்சு.

-march=native ஆப்ஷன் கம்பைல் பண்ற மெஷினுக்கு ஏத்த கட்டளைகளைப் போடும், அதனால் உன் லேப்டாப்பில் ஓடும். அதில் ஏவிஎக்ஸ்-512 (512 பிட் ஏவிஎக்ஸ்) இருந்தா, அது இல்லாத சர்வரில் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்'னு விழலாம். எந்தெந்த ப்ராசஸரில் ஓடணும்னு முதல் வாரமே கேட்டு எழுதி வாங்கிக்கோ. ஆர்ம் ப்ராசஸரின் வெக்டர் கட்டளைத் தொகுப்பான எஸ்விஇயில் (SVE) வெக்டர் அகலம் 128லிருந்து 2048 பிட் வரை வன்பொருளைப் பொறுத்தது, அங்கே அந்த அகலத்தைக் கோடில் எண்ணா பதிச்சிடக் கூடாது.

கேள்வி: அக்கா, கம்பைலர்கிட்ட கேட்டுப் பார்த்தேன். தடுத்தது ஃப்ளோட் கூட்டல்தான்!

பதில்: அப்போ ரிடக்ஷன் போட்டு, பழைய விடைக்கும் புது விடைக்கும் எவ்வளவு வித்தியாசம்னு அளந்துட்டு சீனியர்கிட்டப் போ. முதல்ல அதைத்தான் கேட்பாங்க.