பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிப் போகலாமா?

மேலூர் அப்பா:
என் மகன் மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. நேற்று ராத்திரி அவன் கணக்கு நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்திலேயே அட்ஜாயிண்ட், இன்வெர்ஸ் என்று மேட்ரிக்ஸ் ஓடுகிறது. அது பிளஸ் டூ புத்தகத்தின் முதல் பாடம். பிளஸ் ஒன் புத்தகமோ அட்டை போட்டு, லேபிளில் பேர்கூட எழுதாமல் அலமாரியில் கிடக்கிறது. "கோஃபாக்டர்னா என்னடா?" என்று கேட்டேன். "அது பிளஸ் ஒன்ல வர்றதுப்பா, சார் பார்முலா மட்டும் குடுத்துட்டாரு" என்கிறான். 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது என்றானதும் பள்ளிக்குத் துணிச்சல் வந்துவிட்டது. எனக்கு இது சரியாகப் படவில்லை.

வில்லாபுரத்தான்:
அண்ணே, பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லாதீர்கள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் சீட் கொடுக்கப் பார்க்கிற கட்-ஆஃப் மார்க் 200க்கு. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மூன்றுமே பிளஸ் டூ மார்க். பிளஸ் ஒன் மார்க் சேர்க்கைக்குச் செல்லாது என்று 2018லேயே சொல்லிவிட்டார்கள். இயற்பியலில் இரண்டு மார்க் போனால் கட்-ஆஃபில் ஒன்றுதான் குறையும், கணக்கில் போனால் இரண்டும் போச்சு. என் மகள் பிளஸ் ஒன்னில் பாஸ் ஆகிற அளவுக்குத்தான் படித்தாள். மிச்ச நேரம் முழுக்க பிளஸ் டூ பாடம். விரும்பிய கல்லூரியிலேயே சீட் கிடைத்தது, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். விடுதிச் செலவு மிச்சம். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது சின்ன விஷயமா?

திருமங்கலம் டீச்சர்:
சின்ன விஷயம் இல்லை சார். ஆனால் நான் அரசுப் பள்ளியில் 19 வருஷமாகக் கணக்கு எடுக்கிறேன். 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததே இந்தப் பழக்கத்தை நிறுத்தத்தான். அட்ஜாயிண்ட் கண்டுபிடிக்கத் தேவையான கோஃபாக்டர், நம் புத்தகத்தில் இணைக்காரணி, பிளஸ் ஒன்னில் அணிக்கோவைப் பாடத்தில் வருகிறது. அதைப் போட்டுப் பழகாத பிள்ளைக்கு 3×3 கணக்கில் ஒரு குறி மாறினால் எங்கே தப்பு என்று தெரியாது. முழுக் கணக்கையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடும். பரீட்சை ஹாலில் அதற்கு நேரம் ஏது?

இன்னொன்று, நீட், ஜேஇஇ நுழைவுத் தேர்வுகள் இரண்டிலுமே பிளஸ் ஒன் பாடமும் உண்டு. இயக்க விதிகள், வெப்ப இயக்கவியல் எல்லாம் பிளஸ் ஒன் இயற்பியல். 2021ஐயும் மறந்துவிடாதீர்கள். கொரோனாவால் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 என்று கணக்கிட்டுத்தான் மார்க் போட்டார்கள். பிளஸ் ஒன்னை அலட்சியம் செய்த பிள்ளைகள் அன்றைக்கு என்னிடம் வந்து அழுதார்கள்.

தெப்பக்குளம் தம்பி:
நான் வில்லாபுரம் அண்ணன் சொன்ன மாதிரியே படித்தவன். கட்-ஆஃப் 192. முதல் செமஸ்டரில் மேட்ரிக்ஸும் கால்குலஸும் சேர்ந்து ஒரே பேப்பர். லிமிட் பற்றிப் பேராசிரியர் இரண்டே வகுப்பில் பேசிவிட்டு, "இதெல்லாம் ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க" என்று தாண்டிப் போய்விட்டார். நான் படிக்கவில்லை. பிளஸ் ஒன் தேர்வுக்குப் பழைய வினாத்தாளை மனப்பாடம் செய்ததோடு சரி. அந்தப் பேப்பரில் அரியர். அப்புறம் தங்கச்சியின் பிளஸ் ஒன் புத்தகத்தை வாங்கி, லீவில் உட்கார்ந்து படித்துத்தான் எழுதி முடித்தேன்.

வில்லாபுரத்தான்:
தம்பி, உன் கஷ்டம் புரிகிறது. ஆனால் உள்ளே போனதால்தானே அரியர் வைத்தாய், எழுதியும் முடித்தாய்? கட்-ஆஃப் 170ஆக இருந்திருந்தால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருப்பாயா? கடன் வாங்கிப் படிக்க வைக்கிறவனுக்கு முதலில் சீட்தான் முக்கியம்.

தெப்பக்குளம் தம்பி:
அதை மறுக்க முடியவில்லை அண்ணே. என் கூடப் படித்த இரண்டு பேர் மூன்றாம் வருஷம் வரை அந்தப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த கம்பெனிகள் அரியர் இருந்தால் உட்காரவே விடவில்லை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீழமாசி வீதி அக்கா:
எல்லாரும் இன்ஜினியரிங்கையே பேசுகிறீர்கள். நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். காமர்ஸ் குரூப்பிலும் இதே கதைதான். இரட்டைப் பதிவு, குறிப்பேடு, பேரேடு எல்லாம் பிளஸ் ஒன். அதை விட்டுவிட்டு நேரே கூட்டாண்மைக் கணக்குக்குத் தாவிய பிள்ளைகள் பி.காம். முடித்து எங்களிடம் வருகிறார்கள். ஒரு கடைக்காரர் கடனுக்குச் சரக்கு எடுத்த பில்லைக் கொடுத்தால் எதைப் பற்று வைப்பது, எதை வரவு வைப்பது என்று விழிக்கிறார்கள். பிளஸ் டூ அக்கவுண்டன்சியில் 95க்குமேல் வாங்கிய பிள்ளைகள் இவர்கள்.

ஆனால் டீச்சர், பொதுத்தேர்வு திரும்ப வரவேண்டும் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 10, 11, 12 என்று மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு. என் மகன் அந்த மூன்று வருஷமும் ஒழுங்காகத் தூங்கவில்லை.

திருமங்கலம் டீச்சர்:
நானும் தேர்வைக் கேட்கவில்லை அக்கா, பாடம் நடக்க வேண்டும் என்கிறேன். தேர்வு இருந்தபோதே இந்தத் தம்பி வினாத்தாளை மனப்பாடம் செய்துதான் பாஸ் பண்ணியிருக்கிறான். பிளஸ் ஒன் நோட்டை அதிகாரிகள் வந்து பார்க்கட்டும், பெற்றோரும் பார்க்கட்டும். மேலூர் சார் மாதிரி நோட்டைத் திறந்து பார்க்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தால் போதும்.

வில்லாபுரத்தான்:
நோட்டைப் பார்த்துப் படிக்கத் தெரிந்த பெற்றோருக்கு அது சரி, டீச்சர். நான் எட்டாம் வகுப்பு. எனக்குத் தெரிந்ததெல்லாம் கட்-ஆஃப் ஒன்றுதான்.

மேலூர் அப்பா:
வில்லாபுரம் தம்பி, நானும் கணக்கில் பெரிய ஆள் இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்க் கேட்கப் போகிறேன். அவர்கள் என்ன சொன்னாலும், ஞாயிறு காலை மகனோடு உட்கார்ந்து பிளஸ் ஒன் அணிக்கோவைப் பாடத்தை ஆரம்பிக்கிறோம். டீச்சர், எந்தப் பயிற்சியில் தொடங்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.