பொருள்: ஸ்டெத்தோரஸ் வண்டுக்குத் தமிழ்ப் பெயர்

அனைவருக்கும் வணக்கம்.

சிலந்திப்பேனைத் தின்னும் ஸ்டெத்தோரஸ் என்ற பொறிவண்டுப் பேரினத்துக்குக் கொடைக்கானல் ஐயா சொன்ன 'பேனுண்ணி வண்டு' ஓசைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோத்தகிரிப் பக்கம் உண்ணி என்றால் மாட்டின் காதில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிப்பது. அதோடு பேனையும் சேர்த்தால் கேட்கிறவர் தலையைச் சொறிவார்.

முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். நீளம் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர். முதுகு கறுப்பு, மேலே மெல்லிய முடி, புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. இதில் கில்விஃப்ரான்ஸ் என்ற இனம் தேயிலையைத் தாக்கும் செம்பேனை, அதாவது சிவப்புச் சிலந்திப்பேனைத் தின்னும். மழை ஓய்ந்து வெயில் காயும் மாதங்களில் முதிர்ந்த தேயிலையின் மேற்புறம் செம்பு நிறமாகும். அந்த இலையை லென்ஸில் பார்த்தால் நடுநரம்பை ஒட்டிச் செம்பேன் கூட்டம், முட்டைகள், உரித்துப் போட்ட தோல்கள். இடையில் கறுப்பாக ஒன்று விறுவிறுவென்று நகரும். இதன் புழு பேனைக் கவ்விச் சாற்றை உறிஞ்சிவிட்டுத் தோலை விட்டுவிடும். வளர்ந்த வண்டு முட்டை, குஞ்சு எதையும் விடாது. கண்ட பூச்சிமருந்தையும் அடித்தால் இது செத்துப்போகும். அப்புறம் செம்பேனுக்குக் கொண்டாட்டம்தான்.

பொறி என்றால் புள்ளி, புள்ளியே இல்லாததை எப்படிப் பொறிவண்டு என்பது என்று நம்மில் ஓர் அம்மா கேட்டிருந்தார். அது குடும்பத்துக்கு வைத்த பெயர், விவசாயிக்குப் பழகியது, இருக்கட்டும். ஆனால் அது மட்டும் போதாது. கத்தரி, உருளைக்கிழங்கு இலையைச் சுரண்டித் தின்னும் எப்பிலாக்னா வண்டும் அதே குடும்பம். நல்லது எது, கெட்டது எது என்று தெரிய வேண்டுமானால் தீனி பெயரிலேயே இருக்க வேண்டும்.

சிலந்திப்பேன் என்ற சொல்லிலும் குறை உண்டு. அது சிலந்தியும் இல்லை, பேனும் இல்லை. எட்டுக்கால் என்பதால் பூச்சியே இல்லை. ஆனாலும் ஊறிப்போன சொல். மாற்றப் போனால் நமக்குள் மட்டும்தான் பேசிக்கொண்டிருப்போம்.

எறும்புதின்னி என்று ஏற்கெனவே சொல்கிறோமே, அந்த வழியில் 'சிலந்திப்பேன்தின்னிப் பொறிவண்டு' என்று பேரினத்துக்கு வைக்கலாம். நீளம்தான். தோட்டத்தில் 'செம்பேன்தின்னி' என்று சுருக்கிக்கொள்வார்கள்.

— கோத்தகிரியிலிருந்து

தம்பி, உண்ணியை விட்டுவிடுகிறேன். ஆனால் தின்னி கொஞ்சம் கொச்சையாகப் படுகிறது. 'செம்பேன்கொல்லி' என்றால் கம்பீரமாக இருக்குமே? இன்னொன்று. 1928 வாக்கில் நீலகிரிச் சீகை மரங்களில் வெண்பஞ்சுச் செதில்பூச்சி தென்பட்டதும், அதைத் தின்ன வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்களே ரோடோலியா வண்டு, அதற்கும் பொருந்துகிற மாதிரி பெயர் இருந்தால் நல்லது.

— கொடைக்கானலிலிருந்து

ஐயா, கொல்லி என்றால் மருந்துக்கடையில் பாட்டிலை எடுத்து நீட்டுவார்கள். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி எல்லாம் அந்த அலமாரியில்தான் இருக்கின்றன. மருந்து அடிக்காதீர்கள் என்று சொல்ல வந்த பெயரே மருந்தாகிவிடும். தின்னி கொச்சை என்றால் எறும்புதின்னியைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கும்! ரோடோலியாவுக்குச் 'செதில்பூச்சிதின்னிப் பொறிவண்டு' பொருந்துகிறது.

மறுப்பு இல்லையென்றால் தோட்டத்து அறிவிப்பு அட்டையில் செம்பேன்தின்னி என்றே எழுதிக் கொடுக்கிறேன். யாரிடமாவது பெரிதாக்கிய படம் இருந்தால் அனுப்புங்கள். இல்லாவிட்டால் அச்சகத்தில் சிவப்பு முதுகில் ஏழு புள்ளி வைத்த வண்டைப் போட்டுவிடுவார்கள்.