நகர்மன்றத்தின் ஓராண்டு வேலையை எதை வைத்து மதிப்பிடுவது?

கேள்வி: குமாரசாமிப்பேட்டை வாசி, தருமபுரி (ஏப்ரல் 2023)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சிறு சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அடுத்த மாதம் நடக்கவிருக்கிறது. 2022 மார்ச் 2 ஆம் தேதி உறுப்பினர்கள் பதவியேற்று ஓராண்டு கடந்துவிட்டதால், அந்த ஓராண்டில் நகர்மன்றமும் மேயரும் என்ன செய்தார்கள் என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதி வாசிக்கும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால், எதையும் எண்ணிப் பார்த்துத்தான் சொல்வேன் என்று நம்புகிறார்கள் போலும்.

எண்ணத் தொடங்கிய பிறகுதான் எதை எண்ணுவது என்ற குழப்பம் வந்தது. ஒருவர் கைப்பேசியைத் திறந்து பூமி பூஜைப் படங்களை வரிசையாகக் காட்டுகிறார். இன்னொருவர் பழைய சொத்து வரி ரசீதையும் புதிய ரசீதையும் மேசையில் அருகருகே வைத்துவிட்டு, "இதுதான் டீச்சர் ஓராண்டு வேலை" என்கிறார். மூன்றாமவருக்குக் குழாயில் தண்ணீர் வரும் நாளுக்கும் அடுத்து வரும் நாளுக்கும் உள்ள இடைவெளி ஒன்றே கணக்கு. மூவர் சொல்வதிலும் பொய் இல்லை. இவற்றில் எது மன்றம் தானே முடிவெடுத்தது, எது மேலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. வெளியிலிருந்து பார்க்கும் ஒருவர் எந்த ஆவணத்தைப் படித்தால் அது விளங்கும்? கட்சி வாதம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: பழைய மேலாளர்

அம்மா, நான் வெவ்வேறு மாவட்டங்களில் நகராட்சி அலுவலகங்களில் எழுத்தராகச் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்றவன். முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ளுங்கள். தருமபுரி 33 வார்டுகள் கொண்ட நகராட்சி. அதற்கு இருப்பவர் நகர்மன்றத் தலைவர். மேயர் என்பது மாநகராட்சிக்கு உரிய பதவி; தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களில் அது ஓசூருக்கு மட்டுமே உண்டு. வெறும் சொல் பிசகுதானே என்று தள்ளிவிட வேண்டாம். தலைவர் கூட்டத்தை நடத்துகிறார், மன்றம் அனுமதி தருகிறது அல்லது மறுக்கிறது. பணத்தை எடுத்துச் செலவு செய்வதும், பணி ஆணை கொடுப்பதும், ஊழியர்களை வேலை வாங்குவதும் அரசு நியமிக்கும் ஆணையரின் பொறுப்பு. "தலைவர் ரோடு போட்டார்" என்று எழுதினால் அந்த வாக்கியத்திலேயே பாதிப் பேர் விடுபட்டுப் போகிறார்கள்.

நீங்கள் படிக்க வேண்டியது மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலையும், கூட்டம் முடிந்த பின் எழுதப்படும் தீர்மானப் புத்தகத்தையும். ஒவ்வொரு பொருளுக்கும் எண் இருக்கும், விவரம் இருக்கும், "மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது" என்று முடியும், அதற்குக் கீழே அலுவலகக் குறிப்பு என்று தலைப்பிட்டு, "அனுமதிக்கலாம்" என்று ஒற்றைச் சொல் இருக்கும். அந்த ஒற்றைச் சொல்லைத் தட்டச்சு செய்தே என் பணிக்காலத்தில் பாதி கழிந்தது. எந்தப் பொருளில் மன்றம் அலுவலகக் குறிப்பிலிருந்து விலகியது, எதை ஒத்திவைத்தது, எதற்கு உறுப்பினர்கள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தார்கள் என்று மட்டும் தேடுங்கள். நான் இருந்த ஓர் ஊரில், அறுபதுக்கும் மேற்பட்ட பொருள்கள் டீ ஆறுவதற்குள் நிறைவேறிய கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கழிப்பிடக் குத்தகையை மூன்று கூட்டங்கள் ஒத்திவைத்து, மறு ஏலத்தில் கூடுதல் தொகைக்குப் போக வைத்த மன்றத்தையும் பார்த்திருக்கிறேன். அந்த ஆண்டில் அவர்கள் செய்த உருப்படியான வேலை அதுதான். அதற்குக் கல்வெட்டு எதுவும் வைக்கவில்லை.

கூடவே, "தலைவரின் முன் அனுமதி பெற்றுச் செய்யப்பட்டது" என்று வரும் பொருள்களைத் தனியாக எண்ணுங்கள். மின் மோட்டார் பழுது, குழாய் உடைப்பு போன்றவற்றுக்கு அடுத்த கூட்டம் வரை காத்திருக்க முடியாது என்பதால் அந்த வழி இருக்கிறது. ஆனால் மாதந்தோறும் அதே மோட்டார் அதே காரணத்துக்கு அவசரப்படுகிறது என்றால், அங்கே பராமரிப்பு நடக்கவில்லை என்று பொருள்.

இனி உங்கள் தெருக்காரர் நீட்டிய ரசீது. முந்தைய மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்த பின், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டு நகரங்கள் அரசு நியமித்த தனி அலுவலர்களின் கையில் இருந்தன. 2022 மார்ச் 4 அன்று தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அடுத்த மாதத் தொடக்கத்திலேயே சொத்து வரிச் சீராய்வு வந்துவிட்டது. சென்னை நீங்கலான பிற நகரங்களில் 600 சதுர அடி வரையிலான குடியிருப்புக்கு 25%, 601 முதல் 1200 வரை 50%, 1201 முதல் 1800 வரை 75%, அதற்கு மேல் 100% என்பது அரசு வகுத்த அளவு. வணிகக் கட்டடங்களுக்கு 100%. 800 சதுர அடி வீட்டுக்கு அரையாண்டுக்கு 600 ரூபாய் கட்டியவர் 900 கட்ட வேண்டும். மத்திய அரசின் நிதிப் பகிர்வைப் பரிந்துரைக்கும் 15 ஆவது நிதி ஆணையத்தின் மானியத்தைப் பெற வேண்டுமானால் சொத்து வரியை உயர்த்திக்கொண்டே வர வேண்டும் என்ற நிபந்தனை இதற்குப் பின்னால் இருந்தது. ஆகவே இந்தத் தீர்மானத்தில் மன்றத்துக்கு இருந்த இடம் மிகக் குறுகலானது. வெளிநடப்புச் செய்தவர்களாலும் ஒரு ரூபாய் குறைந்திருக்காது.

மன்றம் கேள்வி கேட்கக்கூடிய இடம் வேறு. வருவாய்ப் பிரிவில் கேட்பு (வர வேண்டிய வரி), வசூல், நிலுவை என்று ஓர் அட்டவணை இருக்கும். நிலுவையில் பெரிய தொகை யாருடையது, வீடு என்று பதிவாகிக் கடையாக ஓடும் கட்டடங்கள் எத்தனை, காலிமனை வரி எவ்வளவு விட்டுப்போயிருக்கிறது என்பவற்றை ஓர் உறுப்பினர் கூட்டத்தில் கேட்டுப் பதிவு செய்ய வைத்தாரா என்று பாருங்கள். 900 ரூபாய்க்காரர் வரிசையில் நின்று கட்டிவிடுகிறார். லட்சத்தில் பாக்கி வைத்திருப்பவர் வரிசைக்கே வருவதில்லை.

பதில்: முன்னாள் உறுப்பினர்

மேலாளர் ஐயா சொன்னது சரிதான். ஆனால் தீர்மானப் புத்தகத்தை மட்டும் வைத்து ஓராண்டை அளந்தால் அலுவலகத்தின் ஓராண்டுதான் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் 2011 முதல் 2016 வரை ஒரு நகர்மன்றத்தில் உறுப்பினராக இருந்தேன். என் வேலையில் பெரும்பகுதி எந்தப் பொருள் எண்ணிலும் வரவில்லை. காலை ஐந்தரை மணிக்கு வால்வு திறப்பவர் நீண்ட இரும்புச் சாவியோடு தெரு முனையில் நிற்பார். எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்று, எத்தனை நிமிடம் என்பது அவர் மனப்பாடம். மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏற வேண்டுமானால் பள்ளத் தெரு வால்வை இரண்டு சுற்று குறைக்க வேண்டும். குறைத்த மறு நிமிடம் பள்ளத் தெருவிலிருந்து எனக்கு அழைப்பு வரும். இரண்டு தெருக்காரர்களையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்து நேரம் பிரித்துக் கொடுத்ததுதான் ஐந்தாண்டுகளில் நான் செய்த பெரிய காரியம் என்று இன்றும் நினைக்கிறேன்.

தண்ணீரைப் பற்றி டீச்சர் அம்மா எழுதும்போது நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு செய்தியை விட்டுவிடக் கூடாது. நம் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம்; லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய ஊர்கள் பல. பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் வளைவுமாக அதன் விளைவைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு, 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில், 2008 இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013 இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. காவிரியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து ஊர் எல்லைத் தொட்டி வரை கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம். அங்கிருந்து தெருக்குழாய் வரை கொண்டுசெல்வது நகராட்சி. தொட்டிக்கே வரத்துக் குறைந்ததால் வந்த இடைவெளியையும், தொட்டியில் இருந்தும் தெருவுக்கு வராத இடைவெளியையும் ஒன்றாகப் போட்டு மன்றத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. தொட்டிக்கு அன்றாடம் எவ்வளவு வந்தது என்பது பதிவேட்டில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். குழாயில் வந்தது ஒகேனக்கல் தண்ணீரா, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கலந்ததா என்பதையும் கேளுங்கள். நம் ஊரில் தண்ணீர் வந்தது என்று சொன்னால் மட்டும் பதில் முழுமையாகாது.

இன்னொன்று. இந்தத் தேர்தலில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. உங்கள் வார்டு உறுப்பினர் பெண்ணாக இருந்தால், கூட்டத்தில் எழுந்து பேசுவது அவரா, தெருவில் குறை கேட்பது அவரா அல்லது அவருடைய கணவரா என்பதையும் உங்கள் இரண்டு பக்கத்தில் ஒரு வரியாவது எழுதுங்கள். கணக்கு டீச்சர் எழுதினால்தான் அதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

பதில்: ஓசூர்க்காரன்

மேயர் என்ற பெயர் வந்ததால் நானும் இரண்டு வார்த்தை சொல்கிறேன். ஓசூர் 2019 இல்தான் மாநகராட்சி ஆனது; 45 வார்டுகளுக்கு 2022 இல்தான் முதல் தேர்தல்; முன்பு சட்டமன்ற உறுப்பினராக இருந்த எஸ்.ஏ. சத்யா முதல் மேயர். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று வெளியூர் நண்பர்கள் பலர் இன்னும் நினைக்கிறார்கள். 1996, 2001, 2011 தேர்தல்களில் அப்படித்தான் நடந்தது; 2006 இலும் 2022 இலும் மாமன்ற உறுப்பினர்களே மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரெல்லாம் வாக்களித்து வந்தவருக்கு உறுப்பினர்களை மீறிப் பேசத் துணிவு இருக்கும். உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தவர் ஒவ்வொரு மாதமும் அவர்களைத் தக்கவைத்துக்கொண்டே நடக்க வேண்டும். எங்கள் ஊராக இருந்தாலும் உங்கள் ஊராக இருந்தாலும் தலைமையின் ஓராண்டை இதை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஓசூரோடு தருமபுரியை ஒப்பிட வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி நகராட்சியின் மக்கள்தொகை 68,619. எங்கள் பக்கம் மத்திகிரி, மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி என்று சுற்றுப்புறங்களை இணைத்துப் பெருத்த ஊர். தொழிற்சாலைகளிலிருந்து வரி வருகிறது, ஆனால் கால்வாய் இல்லாத மனைப்பிரிவுகளும் வரியோடு சேர்ந்தே வருகின்றன.

பதில்: குமாரசாமிப்பேட்டை வாசி

மூவருக்கும் நன்றி. மேயர் என்று எழுதியது என் பிழைதான். ஓசூரில் இருக்கும் மகனிடம் பேசிப் பேசி அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது. எங்கள் வார்டு உறுப்பினர் பெண்தான். அந்த ஒரு வரியை எழுதுவேன், அவர் கூட்டத்துக்கு வந்திருந்தாலும் வாசிப்பேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. தீர்மானப் புத்தகத்தை என் போன்றவர் போய்க் கேட்டால் காட்டுவார்களா? அடுத்து, நிதி ஆணைய மானியம் கோடிக்கணக்கில் வருகிறதே, அதை வைத்து எங்கள் தெருவுக்குச் சிமெண்ட் சாலை போடக் கூடாதா என்று தெருவில் கேட்கிறார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது?

பதில்: பழைய மேலாளர்

முதலில் வாய்மொழியாகக் கேளுங்கள். டீச்சர் என்று சொன்னால் நாற்காலி போட்டுக் காட்டவும் கூடும். இல்லையென்றால் வெள்ளைத் தாளில் மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கொடுங்கள். நகல் வேண்டும் என்று கேட்பதைவிட, "ஆவணங்களை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்" என்று கேட்பது நல்லது. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும் என்பதால், மே மாதக் கூட்டத்துக்கு வேண்டுமானால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

மானியத்தைப் பற்றி: தருமபுரி போன்ற ஊர்களுக்கு 2021-22 முதல் 2025-26 வரைக்கும் 15 ஆவது நிதி ஆணையம் ஒதுக்கியதில் 60% கட்டுண்ட நிதி, அதாவது குறித்த வேலைக்கு மட்டுமே செலவிடக்கூடியது. அதில் பாதி குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும், மறுபாதி துப்புரவுக்கும் திடக்கழிவுக்கும் போக வேண்டும். மீதமுள்ள 40% மட்டுமே ஊர்த் தேவையைப் பார்த்துச் செலவிடக்கூடியது. சாலைக்கு மன்றம் அந்த 40 விழுக்காட்டையோ, வேறு திட்டத்தையோ, தன் சொந்த வருவாயையோதான் நாட வேண்டும். நகராட்சிக் கணக்கு ஒரே பெட்டியும் இல்லை. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி என்று தனித்தனியே நடக்கிறது. ஒன்றில் பணம் கிடக்கும்போதே இன்னொன்றில் ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கக் காசு இருக்காது. உறுப்பினர்களுக்கே இது விளங்க ஓராண்டு ஆகிறது.

2022 நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி தினத்தில், நகரங்களில் முதல் முறையாக, வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களையும் கூட்டிக் குறை கேட்கும் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன அல்லவா, உங்கள் பகுதிக் கூட்டத்தில் எழுதி வாங்கிய கோரிக்கைகளின் பட்டியலையும் அதே மனுவில் கேளுங்கள். அந்தப் பட்டியலை ஒரு கையிலும், நவம்பருக்குப் பின் வந்த பொருள் நிரல்களை மறு கையிலும் வைத்துக்கொண்டு, பட்டியலில் இருந்த எது பொருள் எண்ணாக மாறியது என்று பேனாவால் குறித்துக்கொண்டே வாருங்கள். போகும்போது மூக்குக் கண்ணாடியை மறந்துவிட வேண்டாம். அந்தப் புத்தகங்களின் எழுத்து பொடியாக இருக்கும்.