சொந்தத் தொழிலோடு வெளிநாட்டில் குடியேறுவோர் அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்வது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஜப்பானிலோ ஜெர்மனியிலோ சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் அங்கேயே குடியேற எண்ணியிருக்கிறேன். வேலைக்குச் செல்பவர்களை அவர்களுடைய நிறுவனமே அரசுக் காப்பீட்டில் சேர்த்துவிடுகிறது; முதலாளியும் ஊழியரும் நானே என்னும்போது என்னை யார் சேர்ப்பார்கள்? மனைவிக்கு நெடுநாளாகத் தைராய்டு இருப்பதால், தனியார் காப்பீட்டை மட்டும் நம்பிப் போகத் தயக்கமாக இருக்கிறது.

பதில் 1:
நண்பரே, ஜப்பானில் தொழிலை எப்படிப் பதிவு செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே இது அமையும். நிறுவனமாகப் பதிந்து, இயக்குநராக மாதச் சம்பளம் எடுத்தால், அதில் நீங்கள் ஒருவர் மட்டுமே இருந்தாலும் ஊழியர்களுக்கான மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தே ஆக வேண்டும். சந்தாவில் பாதி நிறுவனத்துடையது, பாதி உங்களுடையது. இரண்டுமே கடைசியில் உங்கள் பணம்தான் என்பதால் அதற்கேற்பச் சம்பளத்தை முடிவு செய்யுங்கள். வருமானமில்லாத மனைவியும் குழந்தைகளும் கூடுதல் சந்தாவின்றி அதில் அடங்குவார்கள். சம்பளமே எடுக்காவிட்டாலோ, தனிநபர் தொழிலாக நடத்தினாலோ, உள்ளாட்சி அலுவலகத்தில் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டியிருக்கும். அதில் ஒவ்வொரு தலைக்கும் சந்தா உண்டு. முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்துக் கணக்கிடுவதால் முதல் ஆண்டுச் சந்தா குறைவாகத்தான் வரும், ஆனால் அதை வைத்து இரண்டாம் ஆண்டுக்குத் திட்டமிட்டுவிடாதீர்கள். முகவரியைப் பதியும் அன்றே காப்பீட்டுப் பிரிவுக்கும் சென்றுவிடுவது நல்லது. தாமதித்தால் விடுபட்ட மாதங்களுக்கும் சேர்த்து வசூலிப்பார்கள். இரு திட்டங்களிலும் பொதுவாகச் சிகிச்சைச் செலவில் 30 விழுக்காடு உங்கள் பொறுப்பு. ஏற்கெனவே உள்ள நோயைக் காரணம் காட்டி யாரையும் மறுப்பதில்லை.

பதில் 2:
ஜெர்மனியில் நிலைமை வேறு. சொந்த நிறுவனத்தில் 50 விழுக்காடோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் இயக்குநர், சம்பளம் வாங்கினாலும், சுயதொழில் செய்பவராகவே கருதப்படுகிறார். அப்படிப்பட்டவர் விருப்பத்தின் பேரில் அரசுக் காப்பீட்டில் தொடர வேண்டுமானால், அதற்குமுன் தொடர்ச்சியாக 12 மாதங்களோ, கடந்த 5 ஆண்டுகளில் 24 மாதங்களோ அதில் இருந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து நேராக வந்து தொழில் தொடங்குபவருக்கு அந்தத் தகுதி இருக்காது. தனியார் காப்பீட்டில் ஆளுக்கொரு சந்தா கட்ட வேண்டும், உடல்நிலையையும் துருவிக் கேட்பார்கள். எனவே முதலில் ஓராண்டு வேலையில் இருந்துவிட்டு, அது முடிந்த 3 மாதங்களுக்குள் விருப்பச் சந்தாதாரராக விண்ணப்பித்த பிறகு தொழிலில் இறங்குவதையே பரிந்துரைப்பேன். மனைவி முறையான வேலை ஒன்றில் சேர்ந்தாலும், உடல்நிலை பற்றிய கேள்வியே இல்லாமல் அவர் அரசுக் காப்பீட்டுக்குள் வந்துவிடுவார்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மனைவி வேலைக்குச் செல்லும் வழி எனக்குத் தோன்றவே இல்லை. பிரிட்டனையும் பரிசீலிக்கலாமா?

பதில் 3:
பரிசீலிக்கலாம். அங்கே தொழிலின் வடிவம் ஒரு பொருட்டே இல்லை. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மருத்துவக் கூடுதல் கட்டணம் செலுத்திவிட்டால் தேசிய மருத்துவச் சேவையைப் பயன்படுத்தலாம். 2024 பிப்ரவரி முதல் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 776 பவுண்டு. மூன்றாண்டு விசா என்றால் உங்கள் நால்வருக்கும் 10,866 பவுண்டை முன்கூட்டியே கட்ட வேண்டியிருக்கும், ஆகவே தொழிலுக்கு ஒதுக்கிய முதலீட்டில் கைவைக்காமல் இதைத் தனியே எடுத்து வையுங்கள்.