புதுப்பிப்பு: மேடவாக்கம் ஃபிளாட், வாடகைக் கணக்கு

60 லட்சத்துக்கு வாங்கி 18,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டால் கட்டுப்படியாகுமா என்று முன்பு கேட்டிருந்தேன். செலவையும் சேர்த்துப் பாருங்கள் என்றீர்கள். பார்த்தேன்.

மேலோட்டமாகப் பார்த்தால் வருட வாடகை, விலையில் 3.6%. ஆனால் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் 9% சேர்ந்தால் முதலீடே 65.4 லட்சம். வருடத்தில் ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று வைத்தால் வரவு 1,98,000. அதில் அசோசியேஷன் பராமரிப்பு 30,000 (வாடகைக்குள்ளேயே அடக்கம், கேட்டால் "இங்கே அப்படித்தான் சார்" என்கிறார் தரகர்), சொத்துவரி, தண்ணீர் வரி 8,000, பெயின்ட், பிளம்பர் என்று 10,000 போகும். மிச்சம் ஒன்றரை லட்சம், அதாவது 2.3%. வருமான வரி தனி. வாடகை வருமானத்தில் 30% நிலையான கழிவு உண்டு, அந்தப் பங்குக்கு வரி இல்லை என்பது சின்ன ஆறுதல்.

ஃபிக்சட் டெபாசிட்டே இதைவிடக் கூடுதலாகத் தரும். சரி, நில மதிப்பு ஏறுமே என்றால், ஃபிளாட்டில் நம் பங்கு யுடிஎஸ் (மனையில் நமக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு) அளவுதான். உரிமையாளர் 57-க்கு இறங்கியிருக்கிறார். 50-க்குக் கீழே வந்தால் பேசலாம் என்று சொல்லிவிட்டேன்.