மேட்டு லயம் குடும்பம்: கருமாதிப் பத்திரிகை

மூர்த்தி (காலை 5.48)
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் கருமாதி ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகை இன்று மாலை 4 மணிக்குள் அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பெயர்ப் பட்டியலைக் கவிதா எழுதி வைத்திருக்கிறாள். விடுபட்ட பெயர் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். அச்சடித்த பிறகு சண்டை வேண்டாம்.

கவிதா (5.50)
பட்டியலின் படம் அனுப்பியிருக்கிறேன். பார்க்கவும்.

செல்வி (6.02)
என் மாமியார் பெயர் இல்லை.

ரவி, டோஹா (6.03)
மருமக்கள் வரிசையில் கவிதாவின் அம்மாவைக் கடைசியில் போட்டது யார்?

கவிதா (6.04)
வயதுப்படி போட்டேன் அப்பா.

மூர்த்தி (6.10)
மற்ற விபரம்: வயது 83. பொகவந்தலாவை. அவ்வளவுதான்.

தயாளன் (6.24)
அண்ணா, 83 என்று போட வேண்டாம். அம்மாவுக்கு 86. அடையாள அட்டையில் 1942 என்று இருப்பது, 2003இல் பிரஜாவுரிமைப் பத்திரம் நிரப்பியபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்து மதிப்பிட்ட ஆண்டு. அம்மாவின் கணக்கு வேறு. முல்லோயா தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தனைச் சுட்ட செய்தி லயத்து வரிசை வீட்டுக்கு வந்த அன்று தான் சேலைத் தொட்டிலில் கிடந்ததாக ஆத்தா சொன்னார் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறார். அப்போது அவர்கள் ஹேவாஹெட்டைப் பக்கம் இருந்தார்கள். சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது பொலிஸ் சுட்ட நாள் 1940 ஜனவரி 10. தொட்டில் பிள்ளை என்றால் 1939. இதைவிட உறுதியான பிறப்புச் சான்றிதழ் நம் வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது?

மூர்த்தி (6.26)
மரணச் சான்றிதழில் 83. மரண உதவிச் சங்கத்துக்குக் கொடுத்ததும் 83. பத்திரிகையில் 86 என்றால் நாளை கேள்வி வரும்.

ரவி, டோஹா (6.27)
யாரும் கேட்கமாட்டார்கள் அண்ணா.

மூர்த்தி (6.27)
நீ டோஹாவில் இருக்கிறாய். என்னிடம்தான் கேட்பார்கள்.

நிரோஷன் (6.41)
காலை வணக்கம். அம்மாயிக்காக ஒரு நினைவுக் காணொளி செய்கிறேன். எம்.ஜி.ஆர். பாட்டு ஒன்றைப் பின்னணியில் போடலாமா? அம்மாயியின் தகரப் பெட்டி மூடியின் உள்பக்கம் அவர் படம்தானே ஒட்டியிருந்தது. இதையும் பாருங்கள், இப்போதுதான் வந்தது: "எம்.ஜி.ஆர். பொகவந்தலாவைத் தோட்டத்தில் கங்காணி மகனாகப் பிறந்தவர். எத்தனை பேருக்குத் தெரியும்? பகிருங்கள்."

செல்வி (6.43)
கருமாதிக்கு எம்.ஜி.ஆர். பாட்டா?

ரவி, டோஹா (6.44)
அம்மா சந்தோஷப்படுவார்.

தயாளன் (6.58)
நிரோஷன், பாட்டைப் போடு. ஆனால் அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதே. எம்.ஜி.ஆர். பிறந்தது நாவலப்பிட்டியில், 1917 ஜனவரி 17. கங்காணி குடும்பம் அல்ல, மலையாளக் குடும்பம். தந்தை இறந்த பிறகு தாயார் பிள்ளைகளோடு கும்பகோணம் போய்விட்டார். உண்மையே நமக்குப் போதுமான பெருமை.

நான் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இந்த இடத்திலிருந்துதான் வரலாற்றுப் பாடத்தைத் தொடங்குகிறேன். 1505, 1658, 1796, 1815 என்று அந்நியர் வந்த ஆண்டுகளைக் கேட்டால் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். உன் தாத்தாவுக்கு ஏன் வாக்குரிமை இருக்கவில்லை என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். எம்.ஜி.ஆர். எங்கே பிறந்தார் என்று கேட்டால் கடைசி வரிசையும் கை தூக்கும். அப்போது கேட்பேன், 1917இல் நாவலப்பிட்டியில் இத்தனை இந்தியக் குடும்பங்களுக்கு என்ன வேலை என்று. அங்கிருந்து கோச்சிப் (ரயில்) பாதைக்கும், 1869இல் வந்த கோப்பி நோய்க்கும், 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் வைத்த தேயிலைக்கும் போவோம். முரளிதரனும் அப்படித்தான். 800 விக்கெட் எல்லாருக்கும் தெரியும். அவருடைய தாத்தா தோட்ட வேலைக்கு வந்தவர் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

நிரோஷன் (7.00)
அழித்துவிட்டேன் மாமா.

கவிதா (7.02)
பெரியப்பா, வரலாற்றுப் பாடத்தை விருப்பப் பாடமாக்கப் போகிறார்களாமே? உண்மையா? அப்படியென்றால் தங்கச்சிக்குச் சாதாரண தரப் பரீட்சையில் ஒரு பாடம் குறையும்.

தயாளன் (7.05)
பேச்சை நம்பாதே, சுற்றறிக்கை வரட்டும். பாடம் குறைந்தால் உன் தங்கச்சிக்குச் சுமை குறையலாம். ஆனால் நம் பிள்ளைக்கு நம்மை நாடற்றவர்களாக்கிய 1948ஐ வேறு எந்தப் பாடவேளையில் சொல்லிக்கொடுப்பார்கள்? வீட்டில் சொல்லாததைப் பள்ளியும் சொல்லாவிட்டால், தன் குடும்பம் எப்படி இங்கே வந்தது என்று தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிடும். இது என் வேலையைப் பற்றிய கவலை அல்ல.

மூர்த்தி (7.06)
பத்திரிகை.

செல்வி (7.15)
எத்தனை அடிக்க வேண்டும்?

மூர்த்தி (7.16)
200. தொழிற்சங்கத் தலைவருக்குத் தனியாக ஒன்று கொடுக்க வேண்டும். கொட்டகையும் கதிரைகளும் அவர்தான் தந்தார். ஞாயிறு பத்து நிமிடம் பேசுவார்.

தயாளன் (7.17)
அண்ணா, அம்மாவின் படத்துக்கு முன்னால் கட்சிக் கொடியா?

மூர்த்தி (7.18)
கொடி இல்லை. பேச்சு மட்டும்.

ரவி, டோஹா (7.19)
அம்மா வேலையில் இருந்த காலமெல்லாம் சந்தா கட்டியவர். வந்து நன்றி சொல்லட்டும்.

தயாளன் (7.31)
சந்தா கட்டினார், வாக்குப் போட முடியவில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அம்மா முதன்முதலாக வாக்களித்தது 2005 நவம்பரில், 66 வயதில். நான்தான் கைபிடித்துக் கூட்டிப் போனேன். விரலில் பூசிய மையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தார், மழையில் போய்விடும் என்று. வீட்டுக்கு வந்தும் அந்தக் கையால் சோறு பிசையவில்லை, கரண்டி கேட்டார். அதைத் தலைவர் பேசுவாரா? 1,350 ரூபா நாட்சம்பளத்தை யார் வாங்கிக் கொடுத்தது என்றுதான் பேசுவார்.

செல்வி (7.33)
கரண்டி விஷயம் எனக்குத் தெரியாதே.

மூர்த்தி (7.34)
அவருக்குச் சொல்லியாகிவிட்டது. மாற்ற முடியாது.

கவிதா (8.20)
அப்பாயியின் பெட்டியை அத்தை எட்டாம் நாள் திறந்தபோது அடியில் ஒரு பொலித்தீன் பை இருந்தது. இப்போது பிரித்தேன். ஒரு குடும்பப் படம், மடித்த தாள்கள், ஒரு பழைய இந்தியக் கடவுச்சீட்டு. படத்தில் தாத்தா நிற்கிறார், அப்பாயி நாற்காலியில். முன்னால் ஒரு சிலேட்டில் சுண்ணக்கட்டியால் நம்பர் எழுதி வைத்திருக்கிறது. மடியில் இருக்கும் பாப்பா யார்?

செல்வி (8.22)
தயாளன்தான். வலப் பக்கம் அழுதுகொண்டு நிற்பது நான்.

ரவி, டோஹா (8.22)
அண்ணன் சட்டையே போடவில்லை.

மூர்த்தி (8.25)
சட்டை இருந்தது. துவைத்துக் காயவில்லை.

தயாளன் (8.47)
கவிதா, அந்தத் தாள்களைப் பிரித்துப் பிரித்து மடிக்காதே, மடிப்பிலேயே கிழிந்துவிடும். இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வை. இந்தியா போக எழுதிக்கொடுத்தபோது எடுத்த படம் அது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்து, 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போடும் முன் போகிறாயா, இருக்கிறாயா என்று நம்மை யாரும் கேட்கவில்லை. அம்மாவின் தம்பி போனார். நாம் கடவுச்சீட்டு எடுத்தும் போகவில்லை, அதனால் இந்த நாட்டுக்கும் இல்லை, அந்த நாட்டுக்கும் இல்லை.

அதனால்தான் ஒன்று கேட்கிறேன். பத்திரிகையில் அம்மாவின் பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரி: "1948 முதல் 2003 வரை நாடற்றவராக வாழ்ந்து, இந்த மண்ணில் உழைத்தவர்." ஊரில் 200 வீடுகளுக்குப் போகிற தாள் அது. பாடநூலைவிட அதிகம் பேர் படிப்பார்கள்.

மூர்த்தி (8.49)
அது கருமாதிப் பத்திரிகை, பரீட்சைத் தாள் அல்ல.

செல்வி (8.55)
தம்பி, அம்மா அந்தப் பையைச் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நாடு இல்லாதவர்கள் என்று யாரோ சொன்னதற்கு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவர் மறைத்ததை நாம் அச்சடித்து ஊருக்குக் கொடுப்பதா? அவரைக் கேட்டாயா?

தயாளன் (8.56)
இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

தயாளன் (9.02)
கேட்கவில்லை அக்கா. கேட்டிருக்க வேண்டும். ஆனால் வெட்கப்பட வேண்டியவர் அம்மா இல்லை. சட்டம் எழுதியவர்கள். நாம் மறைத்தால் அந்த வெட்கம் அம்மாவுடையதாகவே இருந்துவிடும்.

பாண்டியன், கூடலூர் (9.30)
மச்சான்மார்களுக்கு வணக்கம். இப்போதுதான் பார்த்தேன். அத்தையின் கருமாதிக்கு வர முடியவில்லை, கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டது. மன்னிக்கவும்.

ரவி, டோஹா (9.31)
நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்களே மச்சான்.

பாண்டியன், கூடலூர் (9.33)
கப்பலுக்கும் கடவுச்சீட்டு வேண்டுமே.

மூர்த்தி (9.40)
உன் அப்பா போனபோது அம்மாவின் தோட்டை விற்றுத்தான் வழிச்செலவு. போய்ச் சேர்ந்ததும் அனுப்புகிறேன் என்றார். மூன்று கடிதத்தோடு நின்றது.

செல்வி (9.41)
அண்ணா, இப்போது வேண்டாமே.

பாண்டியன், கூடலூர் (9.58)
தெரியும் மச்சான். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கூடலூர் தேயிலைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே மலையை வெட்டித் திருத்துகிற வேலை. சிலோன்காரன் என்று கடையில் கடன் தரமாட்டார்கள். அப்பா சாகும்வரை அக்காவின் தோடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடிதம் எழுத வெட்கம்.

தயாளன் (10.04)
பாண்டியன், நீங்கள் அவ்வளவையும் ஒரு குரல் பதிவாக அனுப்புங்கள். எத்தனை நிமிடமானாலும் சரி. என் வகுப்பில் போட்டுக் காட்டுவேன். அங்கே சிலோன்காரன், இங்கே இந்தியாக்காரன். நாமும் போயிருந்தால் நமக்கும் அதே கதைதான். ஒப்பந்தக் கணக்கு மெதுவாக நடந்ததாலும் 1983க்குப் பிறகு கப்பல் நின்றதாலும்தான் நாம் இங்கேயே தங்கிவிட்டோம்.

செல்வி (10.20)
கப்பல் நிற்பதற்கு எத்தனையோ வருடம் முன்னாலேயே அம்மா முடிவு செய்துவிட்டார். உனக்குத் தெரியாது. அப்பா மூட்டை கட்டிவிட்டார். அம்மாதான் வரமாட்டேன் என்று படியில் உட்கார்ந்தார். எனக்கும் உனக்கும் நடுவில் ஒரு பெண் பிள்ளை. ஒரு வயதுகூட ஆகவில்லை, காய்ச்சலில் போய்விட்டாள். ஏழாம் நம்பர் மலையில், நீரோடைக்கு மேலே புதைத்தோம். அவளைத் தேயிலைக்குள் தனியாக விட்டுவிட்டு எந்த நாட்டுக்கும் வரமாட்டேன் என்றார்.

ரவி, டோஹா (10.21)
அக்கா, இதை ஏன் யாரும் சொல்லவில்லை?

செல்வி (10.23)
அம்மா கொழுந்து எடுக்க ஏழாம் நம்பருக்குப் போகிற நாளில் மட்டும் ஒரு பிஸ்கட்டை மடியில் கட்டிக்கொண்டு போவார். நீங்கள் எல்லாம் பார்த்திருப்பீர்கள்.

தயாளன் (10.52)
பார்த்திருக்கிறேன். பசிக்கு என்று நினைத்தேன்.

கவிதா (11.15)
அம்மா சமையல் பட்டியல் கேட்கிறார். வடை எத்தனை பேருக்கு?

மூர்த்தி (11.16)
இருநூற்றைம்பது. பருப்பை நான் வாங்கி வருகிறேன்.

கவிதா (பிற்பகல் 2.40)
அச்சகத்திலிருந்து அழைத்தார்கள். நான் இரண்டு விதமாகத் தட்டச்சு செய்திருக்கிறேன். ஒன்றில் தயாளன் பெரியப்பாவின் வரி இருக்கிறது, மற்றதில் இல்லை. எதை அனுப்புவது?

ரவி, டோஹா (2.41)
வரி உள்ளது.

செல்வி (2.44)
வரி இல்லாதது. வேண்டுமென்றால் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வீட்டில் மாட்டுங்கள். வருகிறவர்கள் கேட்டால் தம்பி சொல்லட்டும்.

தயாளன் (2.50)
அக்கா சொல்வதை யோசிக்கிறேன். ஆனால் படம் மட்டும் போதாது. அடையாள அட்டை அளவுக்காவது ஒரு குறிப்பு கீழே இருக்க வேண்டும். சிலேட்டு நம்பரைப் பார்த்துவிட்டு, கைதிகள் படமா என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

கவிதா (2.52)
அத்தை, அந்தப் பாப்பாவின் பெயர் என்ன? பிள்ளைகள் வரிசையில் போட வேண்டாமா?

செல்வி (2.58)
எனக்கு அப்போது விபரம் தெரியாத வயது. அண்ணனைக் கேள்.

கவிதா (3.20)
பெரியப்பா?

கவிதா (3.41)
பெரியப்பா, அச்சகத்தில் மறுபடியும் அழைத்தார்கள். வயதும் இன்னும் காலியாக இருக்கிறது.

மூர்த்தி (3.46)
சின்னப்பொண்ணு என்று கூப்பிடுவோம். பதியவில்லை. எனக்கும் செல்விக்கும் அடுத்து, தயாளனுக்கு முன்னால் போடு. நான் அச்சகத்துக்குத்தான் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன். மீதியை நேரில் சொல்கிறேன்.

ரவி, டோஹா (3.47)
வயது 83ஆ 86ஆ அண்ணா?

செல்வி (3.47)
தலைவர் பேசுகிறாரா இல்லையா?

தயாளன் (3.49)
அண்ணா, சின்னப்பொண்ணு என்பதை ஒரே சொல்லாகப் போடச் சொல்லுங்கள்.